லினக்சில் எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்கும்? – ஒரு வரலாறு

கணினியில் ஒரு கோப்பின் மீது இருமுறை சொடுக்கினால் அதற்குரிய செயலி திறக்கிறது. படம் என்றால் படக்காட்டி, பாடல் என்றால் இசைப்பான், கடிதம் என்றால் சொற்செயலி. இந்தத் தொடர்பைக் கோப்பு இணைப்பு என்றும், அவ்வாறு தானாகத் திறக்கும் செயலியை இயல்பிருப்புச் செயலி என்றும் சொல்கிறோம். லினக்சில் இந்த எளிய செயல் ஒழுங்காக நடக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபது ஆண்டுகளுக்குள்தான் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் லினக்ஸ் நுழைந்தது. ஆகவே இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்களும் கோப்புகளின் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. கணினியில் இடும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்ச வேண்டும்.

கோப்புக்குத் தன்னைத் தெரியாது

யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் கோப்பு என்பதை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே கருதினார்கள். அந்த வரிசை ஒரு கடிதமா, படமா, நிரலா என்பது இயங்குதளத்துக்குத் தேவையில்லாத விவரம். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைக் கட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அட்டையில் இருப்பது துளை மட்டுமே. அது மயில் கரையா, ருத்ராட்சக் கரையா என்று பழக்கமில்லாதவர் துளையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கட்டின் மேல் யாராவது எழுதி வைத்திருந்தால் தெரியும். இல்லாவிட்டால் தறியில் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எழுதி வைப்பது, உள்ளே பார்ப்பது ஆகிய இரண்டு வழிகளையும் கணினி உலகம் பின்பற்றியது. டாஸ் இயங்குதளம் எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து நீட்சியும் என்ற முறையைக் கொண்டிருந்தது. அந்த மூன்று எழுத்தே கோப்பின் அடையாளம். விண்டோஸ் அந்த வழக்கத்தை அப்படியே தொடர்ந்தது. 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் இன்னொரு வழியில் போனது. ஒவ்வொரு கோப்புடனும் நான்கு எழுத்தில் அதன் வகையையும், மற்றொரு நான்கு எழுத்தில் அதை உருவாக்கிய செயலியையும் தனியாகச் சேமித்தது. என் கருத்தில் இது மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் அந்த விவரம் வேறு வகைக் கணினிக்குக் கோப்பை அனுப்பும்போது கழன்று போய்விடும்.

யுனிக்சில் உள்ளே பார்க்கும் முறை வளர்ந்தது. ‘ஃபைல்’ என்னும் கட்டளை 1973இல் வெளியான நான்காம் பதிப்பிலேயே இருந்தது. கோப்பின் தொடக்கப் பைட்டுகளைப் படித்து இது இன்ன வகை என்று ஊகித்துச் சொல்லும். இன்று லினக்சில் இருப்பது 1980களில் இயன் டார்வின் புதிதாக எழுதிக் கட்டற்ற முறையில் வெளியிட்டது. பி.டி.எஃப் கோப்பு எதுவாயினும் ஒரு சதவீதக் குறியும் பி, டி, எஃப் எழுத்துகளும் கொண்டுதான் தொடங்கும். ஜிப் கோப்பு பி, கே என்ற எழுத்துகளில் தொடங்கும். அவை அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள். இத்தகைய அடையாளத்துக்கு ‘மந்திர எண்’ என்று பெயர்.

மந்திர எண்ணும் எப்போதும் போதாது. லிபர் ஆபிசின் ஓ.டி.டி கோப்பு, மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு இரண்டுமே உள்ளுக்குள் ஜிப் கட்டுகள்தாம். இரண்டும் பி, கே என்றே தொடங்கும். அதனால்தான் திறந்த ஆவண வடிவத்தை வகுத்தவர்கள், கட்டின் முதல் உறுப்பாகச் சுருக்கப்படாத ஒரு சிறு கோப்பை வைத்து அதில் ஆவண வகையை எழுதிவிட வேண்டும் என்று விதித்தார்கள். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியட்டும் என்பதே நோக்கம். டாக்எக்சில் இந்த வசதி இல்லை. ஆகவே அவ்வகையின் விவரம் சேராத பழைய லினக்ஸ் கணினியில் அது ஜிப் கட்டாகவே தெரியும். சொடுக்கினால் கடிதத்துக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு எக்ஸ்.எம்.எல் கோப்புகள் வந்து நிற்கும்.

மின்னஞ்சல் தந்த விடை

இன்று லினக்ஸ் பயன்படுத்தும் வகைப்பெயர்கள் கோப்பு மேலாண்மைக்காகப் பிறந்தவை அல்ல, மின்னஞ்சலுக்காகப் பிறந்தவை. ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்த மின்னஞ்சலில் படம், ஒலி, பிற மொழி எழுத்து ஆகியவற்றையும் அனுப்ப வேண்டும் என்று நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் 1992 ஜூன் மாதம் மைம் என்ற தரத்தை வெளியிட்டார்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் சாய்கோட்டால் பிரிக்கப்பட்ட இரு சொற்கள் பெயராகும். ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்றால் வெற்று உரை. ‘இமேஜ்/ஜேபெக்’ என்றால் ஒளிப்படம்.

வகை தெரிந்தால் போதுமா? அதை எதில் திறப்பது? 1993 செப்டம்பரில் இதற்கும் ஒரு முறை வந்தது. ‘மெயில்கேப்’ என்னும் எளிய உரைக் கோப்பில், ஒரு வரிக்கு ஒரு வகையும் அதைத் திறக்கும் கட்டளையும் எழுதப்பட்டன. இன்றும் டெபியன் கணினியில் ‘ஈடிசி’ அடைவுக்குள் அந்தக் கோப்பைக் காணலாம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது என்ன வகைக் கோப்பு என்பது ஒரு கேள்வி. இந்த வகையை எந்தச் செயலி திறக்கும் என்பது வேறொரு கேள்வி. லினக்சில் கோப்பு தவறான செயலியில் திறக்கும் ஒவ்வொரு முறையும் இவ்விரண்டில் ஒன்றுதான் பிழைத்திருக்கும். எது பிழைத்தது என்று பிரித்துப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போவதால்தான் பலர் சலித்துவிடுகிறார்கள்.

இரண்டு வீடு, இரண்டு கணக்குப் புத்தகம்

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.இ பணிமேடைத் திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். கே.டி.இ சார்ந்திருந்த க்யூட்டி நூலகத்தின் உரிமம் அப்போது முழுக் கட்டற்ற உரிமமாக இல்லை என்பதே இரண்டாவது திட்டம் பிறந்ததற்கு முக்கியக் காரணம்.

இரண்டும் நல்ல பணிமேடைகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வகைப்பட்டியலையும் செயலிப் பட்டியலையும் வைத்துக்கொண்டது. கே.டி.இ.யில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிறு கோப்பு ‘மைம்லிங்க்’ அடைவில் இருந்தது. க்னோம் தன் பங்குக்கு வேறு வடிவில் எழுதி வைத்தது. ஒரு செயலியை எழுதியவர், என் செயலி பி.டி.எஃப் திறக்கும் என்பதை இருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பயனர் ஒரு பணிமேடையில் செய்த தேர்வு மற்றதில் செல்லாது.

2000ஆம் ஆண்டு ஹேவக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது மேடையைத் தொடங்கினார். போட்டித் திட்டங்களின் நிரலாளர்கள் அங்கே கூடிப் பொது வரையறைகளை எழுதலானார்கள். அங்கிருந்து நம் கதைக்கு இரண்டு பயன்கள் கிடைத்தன. ஒன்று, ‘டெஸ்க்டாப்’ நீட்சி கொண்ட செயலி விவரக் கோப்பு. செயலியின் பெயர், சின்னம், இயக்கும் கட்டளை ஆகியவற்றுடன் அது திறக்கவல்ல வகைகளின் பட்டியலும் ஒரே வரியில் அதில் இருக்கும். மற்றொன்று, பொது மைம் தரவுத்தளம். ராக்ஸ் என்ற சிறிய பணிமேடையை எழுதிய தாமஸ் லெனார்ட் இதற்கான வரையறையை எழுதினார். பெரிய வீடுகள் இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் சிறிய வீட்டுக்காரர் வழிசொன்னது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

அந்தத் தரவுத்தளம் முதலில் பெயரின் நீட்சியைப் பார்க்கும். நீட்சி இல்லாவிட்டாலோ, ஒரே நீட்சிக்கு இரண்டு வகைகள் போட்டியிட்டாலோ மந்திர எண்ணைப் பார்க்கும். ஒரு வகை இன்னொன்றின் உட்பிரிவு என்றும் அதில் எழுதலாம். பைத்தான் நிரல் வெற்று உரையின் உட்பிரிவு என்று எழுதியிருப்பதால், பைத்தானுக்கென்று தனிச் செயலி இல்லாத கணினியிலும் அது உரைத் தொகுப்பியில் திறக்கிறது.

வரையறை எழுதப்பட்டதும் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. க்னோம் 2004இல் வந்த 2.8 பதிப்பில் மாறியது. கே.டி.இ தன் பழைய முறையை மூன்றாம் பதிப்பு முழுவதும் வைத்திருந்து, 2008 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பில்தான் மாறியது. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகள் நமக்கு முக்கியமானவை.

தமிழ்நாட்டில்

அந்த இடைக்காலத்தில்தான் இந்தியாவில் அரசு சார்ந்த லினக்ஸ் முயற்சிகள் வேகம் பிடித்தன. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளிவந்தது. அதன் பணிமேடை க்னோம். இடைமுகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில். ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபிசுக்கும் மாறியது. அக்காலச் சூசேயில் க்னோம், கே.டி.இ இரண்டுமே இருந்தன. ஒரு கணினியில் க்னோமும் அடுத்ததில் கே.டி.இ.யும் இருந்தால் ஒரே கோப்பு இரண்டிலும் இரு விதமாகத் திறக்க வாய்ப்பு இருந்தது. அதைக் கணினியின் கோளாறு என்று நினைப்பது இயல்பே. உண்மையில் இரண்டும் தத்தம் பட்டியலை ஒழுங்காகவே பார்த்தன.

2011இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கான ஒப்பந்தப்புள்ளியே ஏறத்தாழ 9 லட்சம் கணினிகளுக்கு. அவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று மாணவர் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் இத்தனை வீடுகளுக்குள் லினக்ஸ் அதற்கு முன் போனதில்லை.

போனது தங்கியதா? வகுப்பறையில் நான் கண்டவரை, மாணவர்கள் பாஸ் பக்கம் போய் ஒரு கோப்பைச் சொடுக்குவார்கள். திரைப்படப் பாடலோ, நண்பன் பென் டிரைவில் தந்த பாடக்குறிப்போ எதுவாகவும் இருக்கும். அது திறக்காவிட்டாலோ, சம்பந்தமில்லாத செயலியில் திறந்தாலோ, “லினக்ஸ்ல இது ஓடாது சார்” என்று முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிவிடுவார்கள். பெரும்பாலும் அதைத் திறக்கவல்ல செயலி அந்தக் கணினியிலேயே இருக்கும். இணைப்புதான் இருக்காது. ஒரு இயங்குதளத்தைப் பற்றிய முடிவை ஒரு சொடுக்கு செய்துவிடுகிறது என்பதைப் பாடத்திட்டம் எழுதுபவர்கள் அப்போது கவனித்திருக்கலாம். இயங்குதளத்தின் வரையறை, வகைகள் என்று எழுத வைத்தோம். இயல்பிருப்புச் செயலியை மாற்றுவது எப்படி என்று சொல்லித்தரவில்லை.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு இடரும் இருந்தது. யூனிகோடு பரவுமுன் எழுதப்பட்டவை டிஸ்கி, டாப், டாம் போன்ற குறியாக்கங்களிலோ, ஒரு குறிப்பிட்ட எழுத்துருவுக்கு மட்டும் பொருந்தும் முறையிலோ இருந்தன. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கும் அதனுடன் டேஸ்-16 குறியாக்கத்துக்கும் மாறியது. பழைய தமிழ் உரைக்கோப்பைச் சொடுக்கினால் வகை சரியாக ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்று வரும். செயலியும் சரியான உரைத் தொகுப்பியாகவே இருக்கும். திரையில் மட்டும் புரியாத குறிகள் நிற்கும். மின்னஞ்சலில் மைம் வகையோடு எழுத்துக் குறியாக்கத்தின் பெயரையும் சேர்த்து அனுப்பலாம். வட்டில் கிடக்கும் வெற்று உரைக்கோப்பில் அதை எழுதி வைக்க இடமில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விடை சரியாக இருந்தும் கோப்பைப் படிக்க முடியாத நிலை இது. இதற்கு இயல்பிருப்பை மாற்றிப் பயனில்லை. குறியாக்க மாற்றிதான் தேவை.

பொதுப் பட்டியல் ஒன்று

வகைகளுக்குப் பொதுத் தரவுத்தளம் வந்த பிறகும் இரண்டாவது கேள்விக்குப் பொது விடை வரவில்லை. ஒரே வகையைத் திறப்போம் என்று நான்கு செயலிகள் சொல்லும்போது பயனர் தேர்ந்தது எது என்பதை எங்கே எழுதி வைப்பது? க்னோம் ‘டிஃபால்ட்ஸ்.லிஸ்ட்’ என்ற கோப்பைப் பார்த்தது. பிறகு ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ என்ற கோப்பு வழக்கத்துக்கு வந்தது. அதையும் இருவரும் இரு விதமாகப் படித்தார்கள். க்னோம் அதில் உள்ள இயல்பிருப்புப் பகுதியைப் பார்த்தது. கே.டி.இ நான்காம் பதிப்போ சேர்க்கப்பட்ட இணைப்புகள் என்ற பகுதியில் முதலாவதாக உள்ளதையே இயல்பிருப்பாகக் கொண்டது. ஒரே புத்தகத்தில் ஒருவர் வரவுப் பக்கத்தையும் மற்றவர் செலவுப் பக்கத்தையும் பார்ப்பதுபோல.

2006இல் எக்ஸ்டிஜி-யூடில்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு வெளியானது. ‘எக்ஸ்டிஜி-ஓப்பன்’ என்று சொல்லிக் கோப்பின் பெயரைத் தந்தால், எந்தப் பணிமேடை ஓடுகிறது என்று பார்த்து அதனிடமே வேலையை ஒப்படைக்கும். இது மொழிபெயர்ப்பாளர் வேலை, சண்டையைத் தீர்க்கவில்லை. பணிமேடைகள் எல்லாம் ஒரே முறையில் படிக்க வேண்டிய வரிசையை வகுத்த வரையறை 2014இல்தான் 1.0 என்ற நிலையை அடைந்தது.

அதன்படி முதலில் பயனரின் வீட்டு அடைவில் ‘.கான்ஃபிக்’ என்ற மறைந்த அடைவு பார்க்கப்படும். அங்கே குறிப்பிட்ட பணிமேடையின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட பட்டியல் இருந்தால் அதற்கு முதலிடம். அடுத்து பொது ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’. பிறகு கணினி முழுமைக்குமான ‘ஈடிசி/எக்ஸ்டிஜி’ அடைவு. கடைசியில்தான் செயலிகள் நிறுவப்படும் இடங்கள். வீட்டு அடைவில் ‘.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’ என்ற பழைய இடமும் இந்தக் கடைசி வரிசையில் உண்டு. ஆனால் இனி அதில் எழுத வேண்டாம் என்பது வரையறையின் அறிவுரை. எங்கும் தேர்வு எழுதப்படவில்லை என்றால், அந்த வகையைத் திறப்பதாகப் பதிவு செய்த செயலிகளில் ஏதோ ஒன்று திறக்கும்.

அந்த ‘ஏதோ ஒன்று’ தான் இன்றும் பலரை அலைக்கழிக்கிறது. ஓவியத்துக்காகக் கிம்ப் நிறுவினால் பி.டி.எஃப் கோப்பு அதில் திறக்கத் தொடங்கும், ஏனெனில் கிம்ப்பும் பி.டி.எஃப் திறக்கவல்லதே. விண்டோஸ் செயலிகளை லினக்சில் ஓட்டும் வைன் நிறுவினால் உரைக்கோப்புகள் எல்லாம் விண்டோஸ் நோட்பேடின் நகலில் திறக்கும். நிரல் தொகுப்பி ஒன்றை நிறுவியபின் அடைவைச் சொடுக்கினால்கூட அந்தத் தொகுப்பி வந்து நிற்பதும் உண்டு. அடைவுக்கும் ‘ஐநோடு/டைரக்டரி’ என்று ஒரு மைம் வகை இருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். என்னால் திறக்க முடியும் என்று ஒரு செயலி சொல்வது, நானே திறக்க வேண்டும் என்று பொருளாகிவிடக் கூடாது. தேர்வு பயனருடையது.

தேர்வு தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதற்கு நம் ஊர்ப் பட்டுத் தொழிலே சான்று. ஜக்கார்டு வடிவமைப்பைக் கணினியில் வரைபவர்கள் அதை ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊடை–பாவுச் சந்திப்பாக வரும்படி பி.எம்.பி போன்ற படக்கோப்பாகச் சேமிப்பது வழக்கம். மற்றவர்களுக்கு அந்தக் கோப்பு படக்காட்டியில் திறந்தால் போதும். வடிவமைப்பாளருக்கு அது தொகுக்கும் செயலியில் திறக்க வேண்டும். பார்த்த கையோடு அதை ஜேபெக்காகச் சேமித்துவிட்டால், அந்த வடிவம் சுருக்கத்துக்காக நிறங்களைக் கலக்கிவிடும், புள்ளிகள் பிசகும், பிசகிய புள்ளி துளையிலும் பிறகு சேலையிலும் தெரியும்.

சரிசெய்யும் முறை

பணிமேடை எதுவானாலும் வழி ஏறக்குறைய ஒன்றே. கோப்பின் மேல் வலப்பக்கம் சொடுக்கி, எதனுடன் திறப்பது என்ற பகுதிக்குப் போய்ச் செயலியைத் தேர்ந்து இயல்பிருப்பாக்கலாம். கே.டி.இ.யில் அமைப்புகளுக்குள் கோப்பு இணைப்புகளுக்கென்றே தனிப் பக்கம் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ.யிலும் மைம் வகைகளுக்குத் தனிச் சாளரம் உண்டு.

அதிலும் சரியாகாதபோது முனையத்தைத் திறக்க வேண்டும். ‘எக்ஸ்டிஜி-மைம் குவெரி ஃபைல்டைப்’ என்று எழுதிக் கோப்பின் பெயரைத் தந்தால் வகை தெரியும். இது முதல் கேள்வி. விடை தவறு என்றால் நீட்சியைத் திருத்த வேண்டும். செயலியை மாற்றிப் பயனில்லை. விடை சரி என்றால், ‘எக்ஸ்டிஜி-மைம் குவெரி டிஃபால்ட்’ என்று எழுதி அந்த வகையைத் தர வேண்டும். இப்போது எந்தச் செயலி இயல்பிருப்பு என்பது தெரியும். மாற்றுவதற்கு ‘எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட்’ என்று எழுதிச் செயலியையும் வகையையும் தர வேண்டும். இங்கே தர வேண்டியது செயலியின் பெயரன்று. ‘டெஸ்க்டாப்’ நீட்சியோடு கூடிய விவரக் கோப்பின் பெயர். அது எந்த அடைவில் உள்ளது என்ற பாதையையும் சேர்க்கக் கூடாது. கட்டளை பிழையேதும் காட்டாமல் முடிந்தும் பயன் விளையாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒரு பணிமேடையில் மட்டும் பழைய செயலியே வந்தால், முன்னர் சொன்ன முன்னொட்டுப் பட்டியல் ‘.கான்ஃபிக்’ அடைவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுப் பட்டியலில் என்ன எழுதினாலும் அதுவே வெல்லும். பழைய இடத்தில் மிச்சமிருக்கும் பட்டியலையும், நீக்கிவிட்ட செயலிகளைக் குறிக்கும் வரிகளையும் அப்போதே துடைத்துவிடலாம். எல்லாம் வெற்று உரைதான்.

இவற்றைத் தமிழில் கேட்டறிய விரும்புவோருக்குக் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவும், 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும் உள்ளன. பள்ளி ஆய்வகத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரின் கணக்கிலும் போய் மாற்ற வேண்டியதில்லை. ‘ஈடிசி/எக்ஸ்டிஜி’ அடைவில் ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ கோப்பை ஒருமுறை எழுதிவைத்தால், தானாக எதையும் தேர்ந்தெடுக்காத எல்லா மாணவர்களுக்கும் அது பொருந்தும். தனக்கென்று ஒரு செயலியைத் தேர்ந்துகொண்ட மாணவரின் தேர்வை அது தொடாது.